லேடீஸ் பேர்ல போட்டா கம்மி

என் பேரில் இருக்கும் ஒரே பெரிய சொத்து ஒரு பழைய கார். அதை என் பேரில் வாங்கியதற்குக் காரணம் என் கணவருக்கு என்மேல் இருக்கும் பிரியம் என்று என் அம்மா வீட்டில் இன்றுவரை நம்புகிறார்கள். நானும் மறுத்துச் சொன்னதில்லை. உண்மையான காரணம் இன்சூரன்ஸ்.

நாங்கள் கவரைப்பேட்டையில் குடியிருக்கிறோம். அவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் மெயின்டெனன்ஸ் வேலை. எனக்குத் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில், சரக்கைச் சோதித்துப் பார்க்கும் லேபில் வேலை. கம்பெனி பஸ் உண்டு, ஆனால் அது எங்கள் தெருமுனைக்கு வருகிற நேரமும் நான் அங்கே போய் நிற்கிற நேரமும் ஒத்துப்போவது அபூர்வம். பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில் அவர் பைக்கில் கொண்டுபோய் விடுவார். மழைக்காலத்தில் லேபுக்குள் நுழையும்போது என் புடவையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துவிட்டு எங்கள் மேனேஜர், வெளியே மழையா என்று கேட்பார். அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் கார் வாங்கும் பேச்சு வந்தது.

என் கணவர் இளவயதிலேயே வேன் ஓட்டிப் பழகியவர். கார் ஓட்டுவதைப் பற்றி அவருக்குத் தீர்மானமான கருத்துகள் உண்டு. அவற்றில் முக்கியமானது பெண்கள் ஓட்டுவதைப் பற்றியது. பைக்கில் ஹைவேயில் போகும்போது முன்னால் ஒரு கார் மெதுவாகப் போனால், அதை முந்தி, தலையைத் திருப்பி உள்ளே எட்டிப் பார்ப்பார். ஓட்டுவது பெண்ணாக இருந்தால், "பாத்தியா, நான் சொன்னேன்ல," என்பார். ஆணாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஆளுக்கு ஏதோ குடும்பக் கவலை என்று எடுத்துக்கொள்வார்.

இன்சூரன்ஸ் விஷயமாக வீட்டுக்கு வந்தவர் அவருக்குத் தம்பி முறை ஆகும் ஒரு தூரத்துச் சொந்தக்காரர். பஜாரில் சின்னக் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், வண்டி இன்சூரன்ஸ் எல்லாம் அங்கே நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்தார். இட்லியைப் பிட்டபடியே சொன்னார்.

"அண்ணா, வண்டிய அண்ணி பேர்ல வாங்குங்க."

"இன்னாத்துக்கு?"

"லேடீஸ் பேர்ல போட்டா இன்சூரன்ஸ் கம்மி. ஒரு கம்பெனிக்காரன் புதுசா குடுக்கறான். பொம்பளைங்க வேகமா போவ மாட்டாங்க, தண்ணி போட்டுட்டு வண்டிய எடுக்க மாட்டாங்க, எவன்கூடவும் வீம்புக்கு ரேஸ் வுட மாட்டாங்க. எல்லாம் கணக்குப் போட்டுப் பாத்துட்டுதான் குடுக்கறான்."

என் கணவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"அது இன்னாவோ கரெக்ட்தான். பொம்பளைங்கன்னா நிதானமாதான் ஓட்டுவாங்க."

நான் சட்னிக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து ஹைவேயில் எத்தனை கார்களுக்குள் எட்டிப் பார்த்திருப்பார். அத்தனைக்கும் ஒரே இட்லியில் மன்னிப்பு கிடைத்துவிட்டது. எவ்வளவு கம்மியாகும் என்று கேட்டேன். தம்பி சொன்ன தொகையில் எங்கள் குடும்பம் ஒரு வேளை பிரியாணி சாப்பிடலாம், அதுவும் தயிர்ப் பச்சடியைக் கூடுதலாகக் கேட்காமல் இருந்தால்.

"அண்ணிக்கு லைசன்ஸ் கீதுல்ல?" என்றார் தம்பி.

இல்லை என்றோம்.

"ஐயோ, ஓட்டற லேடீஸுக்குத்தான் குடுக்கறான். சும்மா பேருக்கு ஓனர்னா செல்லாது. ஓனருக்குன்னு ஒரு விபத்து கவர் போடுவாங்க, அதுக்கும் லைசன்ஸ் இருக்கணும்."

"எடுத்துட்டா போச்சு," என்றார் என் கணவர். "அதுக்கு இன்னா இப்போ."

அந்த வாரமே என்னை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டார். ஸ்கூலுக்குக் கட்டிய பணத்துக்கு எத்தனை வேளை பிரியாணி சாப்பிட்டிருக்கலாம் என்ற கணக்கை அவர் போடவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. எனக்கு ரொம்ப நாளாகவே ஓட்ட ஆசை இருந்தது. அதை யாரும் என்னிடம் கேட்காததால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டிரைவிங் ஸ்கூல் காரனோடையில் இருந்தது. சொல்லிக்கொடுத்தவர் பனியனுக்கு மேல் சட்டைப் பித்தானைப் போடாமல் உட்காரும் ஒரு பெரியவர். அவர் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. முதல் வாரம் முழுவதும் காரை ஓட்டியது அவருடைய கால்கள்தான், நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். ஆள் நடமாட்டம் குறைந்த இடம் வேண்டும் என்று சோழவரம் ஏரிப் பக்கம் அழைத்துப் போவார். அங்கே ஒருநாள் முதல் கியரில் போய்க்கொண்டிருந்தபோது பேச ஆரம்பித்தார்.

"ம்மா, இந்த ஏரியாவுல ஒரு காலத்துல கார் ரேஸ் வுட்டாங்க, தெரியுமா? எங்கெங்கிருந்தோ ஆளுங்க வருவாங்க. சத்தம் ஊருக்கே கேக்கும்."

"அப்படிங்களா."

"ஆமா. நீ இன்னாடான்னா பின்னாடி வர்ற எருமைக்கு வழி வுட வேண்டிய ஸ்பீடுல போற."

கண்ணாடியில் பார்த்தேன். உண்மையாகவே எருமைகள் வந்துகொண்டிருந்தன. ஓரம் கட்டி வழி விட்டேன். ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. கடைசி எருமை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமான பார்வையாக இருந்தது. பைக்கில் என் கணவர் திரும்பிப் பார்ப்பாரே, அதே பார்வை.

ஆனால் ஏதோ ஒரு நாளில் ஓட்டுவது பிடிபட்டுவிட்டது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. கிளட்சை விடும்போது வண்டி லேசாக மூச்சு விடுவது போல ஓர் அதிர்வு வரும். அந்த அதிர்வு காலுக்குத் தெரிந்த பிறகு பயம் போய்விட்டது. பெரியவர் தன் பக்கத்துப் பிரேக்கிலிருந்து காலை எடுத்து மடித்து உட்கார்ந்துகொண்டார். ஆர்டிஓ ஆபீசில் எட்டுப் போடச் சொன்னார்கள். போட்டேன். எனக்கு முன்னால் போட்ட ஓர் ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலட்சியமாக ஏறியவர், எட்டுக்குப் பதில் ஏதோ ஒரு புது எண்ணைப் போட்டுவிட்டு இறங்கினார்.

கார் வந்தது. சாம்பல் நிறம், சின்ன வண்டி, முந்தைய ஓனர் ஒட்டியிருந்த ஒரு சாமி ஸ்டிக்கரோடு. ஆர்சி புத்தகத்தில் என் பேர். தம்பி வந்து இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தார். கூடவே என் போனில் ஒரு ஆப்பையும் ஏற்றினார்.

"இது உங்க ஹேண்ட்பேக்ல இருந்தா போதும் அண்ணி. வண்டி எப்டி போவுதுன்னு அதுவே பாத்துக்கும். வேகமா போனா, திடீர்னு பிரேக் போட்டா, மார்க்கு கொறைக்கும். ஒயுங்கா ஓட்டினா அடுத்த வருசம் இன்னும் கம்மி பண்ணுவான்."

எல்லாம் சரி. சாவி மட்டும் என் கைக்கு வரவில்லை. வண்டி கொஞ்சம் செட் ஆகட்டும் என்றார் என் கணவர். எது செட் ஆக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. காலையில் என்னைத் தேர்வாய் கண்டிகையில் இறக்கிவிட்டு, திரும்பி கும்மிடிப்பூண்டி போவார். மாலையில் அதே மாதிரி. நான் இடது பக்கம் உட்கார்ந்திருப்பேன், மடியில் ஹேண்ட்பேக், ஹேண்ட்பேக்குக்குள் போன், போனுக்குள் அந்த ஆப்.

அவர் ஓட்டுவது எப்படி என்றால், வண்டி நன்றாகத்தான் போகும். திடீரென்று சாலையில் ஒரு வேகத்தடையோ பள்ளமோ ஆகாயத்திலிருந்து குதித்தது போல அவருக்குத் தெரியும். உடனே பிரேக். நானும் ஹேண்ட்பேக்கும் டேஷ்போர்டு வரை போய் வருவோம். "எவன்டா இங்க போட்டு வெச்சான்," என்பார். சிப்காட் போகிற கன்டெய்னர் லாரிகளைப் பின்னாலிருந்து நெருங்கிப் போய்க் கடைசி நிமிஷத்தில் நிறுத்துவார். அவரிடம் ஒன்றும் சொல்ல முடியாது. ஓட்டுகிறவருக்குத் தெரியாதா என்று நானும் விட்டுவிட்டேன்.

சாயங்காலமானால் ஆப் எனக்குச் செய்தி அனுப்பும். என் பேரைப் போட்டு, மரியாதையாக, நீங்கள் இன்று பலமுறை திடீரென்று பிரேக் போட்டீர்கள் என்று சொல்லும். பாதுகாப்பாக ஓட்டுங்கள், வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றும் சொல்லும். காத்திருக்க வேண்டியவர் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் காட்டினேன். "மெஷினுக்கு இன்னா தெரியும், அத ஆஃப் பண்ணி வை," என்றார்.

சில மாதம் கழித்து தம்பி வந்தார். இந்தத் தடவை முகத்தில் கவலை. தன் போனில் ஏதோ ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் மெதுவா போங்க."

"யாரு, நானா?"

"உங்க மார்க்கு ரொம்ப கம்மியா கீது. கம்பெனில போன் பண்ணிக் கேக்கறான், இது நெசமாவே லேடிதானான்னு. லேடீஸ்னா பொறுமையா போவாங்கன்னு நம்பித்தான் குடுத்தான். நீங்க தண்ணி லாரிக்காரன் மாதிரி போறீங்க. எங்க அண்ணனப் பாருங்க, எத்தினி வருசமா ஓட்றாரு, ஒரு கம்ப்ளெய்ண்ட் உண்டா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். இப்போது சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் பிஸ்கட்டைக் காபியில் நனைத்து, அது உடைந்து விழுந்துவிடாமல் பத்திரமாக வாய்க்குக் கொண்டுபோனார். மென்று முடித்தார். பிறகு சொன்னார்.

"நானும் சொல்லிக்கினுதான் கீறேன். கேக்க மாட்டேங்குது."

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் கலந்திருந்தது, அதனால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை. சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு, சுத்தமாக இருந்த டம்ளரை மறுபடி கழுவினேன். வந்த ஆள் அவர் பக்கத்துச் சொந்தம். தம்பி முன்னால் இவரைப் போட்டுக் கொடுத்தால், அந்தக் கதை பஜார் முழுக்கப் போய் ஆலை வரைக்கும் போகும். அதற்காகப் பேசாமல் இருந்தேன்.

மறுநாள் காலை ஆணியில் தொங்கிய சாவியை நான் எடுத்துக்கொண்டேன்.

"இன்னாமே?" என்றார்.

"பேர் எனக்குத்தானே கெடுது. ஓட்றதையும் நானே ஓட்டிடறேன்."

வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார், டயரை உதைத்துப் பார்த்தார், பிறகு இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினார். ஹேண்ட்பேக்கை அவர் மடியில் வைத்தேன். கும்மிடிப்பூண்டி வரை அவருடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தது. ஆலை வாசலுக்கு ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொன்னார். டீ குடித்துவிட்டு நடந்து போகிறேன் என்றார். அவர் அங்கே டீ குடித்து நான் பார்த்ததில்லை.

மார்க் ஏறியது. சாயங்காலச் செய்திகளின் தோரணையே மாறிவிட்டது. நன்றாக ஓட்டினீர்கள் என்று பாராட்டினார்கள். மெஷினுக்கு என்ன தெரியும் என்று சொன்னவர் இப்போது தினமும், "இன்னிக்கு எவ்ளோ?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல இருக்கும். வண்டிக்குள்ளேயே, "பாத்து, பாத்து, அமுக்காத, மார்க்கு போவுது," என்பார். மார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் மாட்டை இடித்துவிடுவேன் என்று சொல்லி அவரைச் சும்மா இருக்க வைக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி அவருக்கு. என் போன் வீட்டில் இருக்கும், அவர் போய்வருவார், ஆப்புக்குத் தெரியாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரிக்கு மட்டன் வாங்கப் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் மட்டன் பை, பின் சீட்டில் பின்பக்க பம்பர்.

"இன்னா ஆச்சு?"

"ஒரு போஸ்ட்டு."

"போஸ்ட் வந்து இடிச்சிடுச்சா?"

"அங்க போஸ்ட்டே கெடையாதுமே. போன வாரம்கூட இல்ல. புதுசா நட்டுக்கறானுங்க போல."

பிறகு ஒருநாள் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். கான்கிரீட் மின்கம்பம். அதன்மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, பட்டை உரிக்கலாம் போல ஒட்டியிருந்தன. அடியில் இருந்த ஆட்கள் இறந்து பல வருஷம் ஆகியிருக்கும்.

கிளைம் போட்டோம். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்து பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தால்தான் பணம் வரும். அவர் வருவதற்குள் என் கணவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நீ ஓட்னேன்னு சொல்லிடு. லேடீஸ்னா ஒண்ணும் கேக்க மாட்டான்."

"பொய் சொல்லணுமா?"

"இதுல பொய் இன்னா கீது. வண்டி உன் பேர்லதான கீது."

"அன்னிக்கு என் போன் ஊட்ல அடுப்பு மேடையில இருந்துது. நான் ஓட்டிக்கினு பொன்னேரி போனேன்னு சொன்னா அந்த ஆப் காட்டிக் குடுத்துடும்."

நியாயத்துக்கு அடங்காதவர் ஆப்புக்கு அடங்கினார். பேஜாராப் போச்சு என்று முனகிக்கொண்டே போய் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார்.

சர்வேயர் களைப்பான மனிதர். தோளில் பை, கையில் போன். பம்பர் இருந்த இடத்தைப் பல பக்கத்திலிருந்து படம் எடுத்தார். ஆர்சியில் பேரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகத்தில் ஓர் இரக்கம் வந்தது.

"பரவாயில்ல மேடம். ரிவர்ஸ் எடுக்கும்போது லேடீஸுக்கு இப்படி ஆகிறது சகஜம்தான். பின்னாடி பார்க்கப் பழகிக்கணும்."

"நான் ஓட்டல சார்."

"அப்போ?"

நான் டயரைக் காட்டினேன்.

"ஓ, டிரைவர் வெச்சிருக்கீங்களா," என்று சொல்லிவிட்டு என் கணவரை நோக்கிக் குரலை உயர்த்தினார். "இன்னாப்பா, மேடம் வண்டிய இப்படியா ஓட்டறது?"

"அவர் என் வீட்டுக்காரர் சார்."

சர்வேயர் மன்னிப்புக் கேட்டார். என் கணவர் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, பர்ஸிலிருந்து லைசன்ஸை எடுத்து நீட்டினார். இரண்டு பேருக்குமே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. லைசன்ஸைப் படம் எடுக்கப் போன சர்வேயர் நிறுத்தினார். வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது முடிஞ்சுபோச்சே."

"எது?"

"லைசன்ஸ். ரொம்ப நாள் ஆகுது. நீங்க புதுப்பிக்கலையா?"

என் கணவர் அதை வாங்கி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் இருந்த போட்டோவில் அவருக்கு அடர்த்தியான முடியும் கூர்மையான மீசையும் இருந்தன. அந்த ஆளுக்குத்தான் ஓட்ட அனுமதி இருந்தது. எதிரில் நிற்கிற ஆளுக்கு இல்லை.

"அப்போ கிளைம்?" என்றேன்.

"கஷ்டம்தான் மேடம். செல்லாத லைசன்ஸோட ஓட்டினா கம்பெனில ஒத்துக்க மாட்டாங்க. நீங்க ஓட்டியிருந்தா கெடச்சிருக்கும்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பம்பரைப் பார்த்தேன்.

அன்று ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினோம். பாதி வழியில் அவர் மெதுவாகச் சொன்னார். "இத்தினி வருசமா பர்ஸ்லயே வெச்சிக்கினு சுத்தறேன். ஒருத்தனும் கேக்கல." அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என்னை லைசன்ஸ் எடுக்க அனுப்பியவர், தன்னுடையதை ஒருநாள் எடுத்துப் படித்திருக்கலாம். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா எங்கள் பேச்சைக் கவனித்துக்கொண்டு வந்ததால் சொல்லவில்லை. பம்பருக்கு எங்கள் கைப்பணம் போனது.

லைசன்ஸைப் புதுப்பிக்க நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன், என் வண்டியில், நானே ஓட்டி. டாக்டர் இளம்பெண். சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் காட்டி, மேலேயிருந்து படிக்கச் சொன்னார்.

முதல் வரியில் இருந்த ஒற்றைப் பெரிய எழுத்தைச் சத்தமாகப் படித்தார். இரண்டாவது வரியில் கொஞ்சம் தயங்கினார். மூன்றாவது வரியில், "அது அழிஞ்சிருக்குது டாக்டர்," என்றார்.

டாக்டர் அட்டையைத் திரும்பிப் பார்த்தார். புத்தம் புது அட்டை.

"கார் ஓட்டறீங்களா சார்?"

அவர் இன்னும் மூன்றாவது வரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டறார் டாக்டர்," என்றேன்.

"இந்தக் கண்ண வெச்சிக்கிட்டு எப்படி ஓட்டறார்?"

"திடீர் திடீர்னு பிரேக் போட்டு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆகாயத்திலிருந்து குதித்த வேகத்தடைகள், கடைசி நிமிஷத்தில் முளைத்த லாரிகள், போன வாரம் இல்லாத மின்கம்பம். அவர் கோபக்காரர், அவசரக்காரர் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மனுஷனுக்குக் கண் தெரியவில்லை. ஹைவேயில் அத்தனை மாதம் அவர் பக்கத்தில் ஹேண்ட்பேக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து போனதை நினைத்து, அந்த டாக்டரின் அறையில், ஃபேன் காற்றில், எனக்கு வியர்த்தது. கார்களுக்குள் எட்டிப் பார்த்துப் பெண் என்றும் ஆண் என்றும் சொன்னாரே, அதையெல்லாம் எதை வைத்துச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கண்ணாடி போட்டார்கள். கடையிலிருந்து வெளியே வந்ததும் படியிலேயே நின்றுவிட்டார். எதிர்ப்பக்கக் கடைகளின் பேர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். வண்டியில் வரும்போதும் படித்துக்கொண்டே வந்தார்.

"இந்த ரோட்ல இம்மாம் போர்டு கீதா? ஸ்பீட் பிரேக்கருக்கு வெள்ள பெயிண்ட் அடிச்சிக்கறான் பாரு."

"அது எப்பவும் அடிச்சிருந்துதுங்க."

"இருட்டுல மின்னறதுக்குக் கண்ணாடி பட்டன்லாம் வெச்சிக்கறான்."

"அதுவும் இருந்துது."

கண்ணாடியை ஒருமுறை சரிசெய்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி என்னை உற்றுப் பார்த்தார். ஏதோ கனிவாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"உனக்கு இங்க காதோரமா நரைச்சிருக்குது."

திரும்பிப் போய்க் கண்ணாடியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அவர் சொன்ன குரலில் கேலி இல்லை. எப்போதிருந்து என்று கேட்டார். ரெண்டு மூணு வருஷமாக என்றேன். "சொல்லக்கூடாதா?" என்றார். நரை வந்ததையெல்லாம் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா என்றேன். கவரைப்பேட்டை வரும்வரை அவர் வேறு பலகை எதையும் படிக்கவில்லை.

அவருக்கு லைசன்ஸ் வந்தது. கண்ணாடியோடு அவர் ஓட்டுவது வேறு மாதிரி ஆகிவிட்டது. வேகத்தடை வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, எனக்கு அதைச் சுட்டிக்காட்டவும் செய்வார். நாளுக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றி ஓட்டினோம். ஆப் இரண்டு பேருக்கும் சேர்த்து என் பேரில் மார்க் கொடுத்தது. இடது பக்கம் உட்காருகிறவர் குறை சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டோம். இரண்டு பேருமே அதைக் கடைப்பிடிக்கவில்லை.

வருஷம் முடிந்து இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. தம்பிக்குப் போன் செய்தேன்.

"அண்ணி, அந்த லேடீஸ் தள்ளுபடிய நிறுத்திட்டான்."

"ஏன்?"

"அது ஆடித் தள்ளுபடி மாதிரி அண்ணி. கொஞ்ச நாள் வுட்டுப் பாத்தான், மூடிட்டான். நம்ம ஊர்ல கார் இன்சூரன்ஸுக்கு ஆம்பளை பொம்பளை கணக்கே பெருசா கெடையாது. எதிராளிக்குக் குடுக்கற இன்சூரன்ஸ் எஞ்சின் சைஸப் பொறுத்து, அது கவர்மெண்ட் ரேட்டு. மிச்சம் வண்டி வெல, வண்டி வயசு, கிளைம் வாங்கினீங்களா இல்லயா, அவ்ளோதான். வெளிநாட்லதான் ஆளப் பாத்துப் போடுவாங்களாம்."

என் கணவர் நம்பவில்லை. தம்பி ஏதோ கமிஷனுக்காகச் சொல்கிறான் என்றார். ஆன்லைனில் நாமே பார்த்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி நம்பரைப் போட்டார். ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே போய் பாலினம் என்ற இடத்துக்கு வந்தார். பெண் என்று அமுக்கினார். ஒரு தொகை வந்தது. பின்னால் போய் ஆண் என்று அமுக்கினார். அதே தொகை. ஒரு ரூபாய்கூட அசையவில்லை. மூன்றாவதாக இருந்ததையும் அமுக்கிப் பார்த்தார். அதுவும் அதே.

"அப்போ இன்னாத்துக்குக் கேக்கறான்?"

"பேருக்கு முன்னாடி திருவா திருமதியான்னு போடறதுக்கா இருக்கும்."

வண்டி வாங்கிய வருஷத்தை மாற்றிப் பார்த்தார். தொகை சட்டென்று மாறியது. ஊரை மாற்றிப் பார்த்தார். அதிலும் கொஞ்சம் மாறியது. மறுபடி ஆண், மறுபடி பெண். அசையவே இல்லை. நாற்காலியில் சாய்ந்தார்.

"வண்டி வயசப் பாக்கறான், எஞ்சினப் பாக்கறான். உள்ள யார் குந்திக்கினு கீறாங்கன்னு பாக்கவே மாட்டேங்கறான்," என்றார். அவருக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. யாருக்கு அநியாயம் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றார்.

எங்கள் மார்க்குக்காகக் கம்பெனிக்காரர்கள் ஏதோ கொஞ்சம் குறைத்திருந்தார்கள். முதல் வருஷத் தள்ளுபடியைவிடவும் சின்னத் தொகை. பிரியாணியிலிருந்து பரோட்டாவுக்கு இறங்கியிருந்தோம்.

"அப்போ வண்டி உன் பேர்ல இருக்கறதுக்கு ஒரு காரணமும் இல்ல," என்றார் அவர்.

"இல்லதான்."

"என் பேருக்கு மாத்தணும்னா எத்தினி தபா ஆர்டிஓ ஆபீஸுக்குப் போவணும்?"

"ரெண்டு மூணு தபா ஆவும். ஆளுக்கு ஒருநாள் லீவு போடணும். வண்டிய வேற கொண்டுபோய்க் காட்டச் சொல்லுவாங்களோ இன்னாவோ."

ஜன்னல் வழியாக வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். மாற்றிய பம்பரின் நிறம் மற்றப் பாகங்களோடு ஒத்துப்போகாமல் லேசாக வெளுத்திருந்தது. அதுவும் இப்போது அவர் கண்ணுக்குத் தெரியும்.

"இருக்கட்டும் வுடு," என்றார்.

பெண் என்று அமுக்கிவிட்டு, ஓனர் பேர் என்ற கட்டத்தில் என் பேரை ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். இனிஷியலுக்குத் தன்னுடைய எழுத்தைப் போட்டார். ஆர்சியில் என் நைனாவுடைய இனிஷியல்தான் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் போட்டது, நான் மாற்றவே இல்லை. லேப்டாப்பை என் பக்கம் இழுத்து, அவர் எழுத்தை அழித்துவிட்டு நைனாவுடையதைப் போட்டேன். பார்த்துக்கொண்டிருந்தார். பர்ஸிலிருந்து தன் கார்டை எடுத்து என்னிடம் நீட்டி, பணத்தைக் கட்டச் சொன்னார்.